ரேடியேற்றரில் சேறு, மலையில் சூடு: ஹெட்டைக் கழற்ற முன்னர் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஐயா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். நாலைந்து மாதங்களுக்கு முன் பழைய டொயோட்டா டவுன்ஏஸ் வான் ஒன்று வாங்கினேன். 2சி டீசல் எஞ்சின். காலையும் மதியமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவேன், மற்ற நேரம் ஹயர் ஓடுவேன். ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. ஆட்களை நிரப்பி, ஏசியும் போட்டு, தம்புள்ளை தாண்டி மாத்தளைப் பக்கம் ஏறும்போது மட்டும் ஊசி மேலே போகிறது. அதுவும் எல்லா முறையும் இல்லை, சில நேரம்தான். மேலதிகத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பார்த்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் சேறு. எஞ்சின் ஒயில் டிப்ஸ்டிக்கில் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு மெக்கானிக் 'ஹெட் கஸ்கட் போயிட்டுது, ஹெட்டைக் கழற்றத்தான் வேணும்' என்கிறார். இன்னொருவர் தண்ணியை மாற்றினால் போதும் என்று சொல்லி மாற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டுவிட்டார். இரண்டு கிழமையில் சேறு திரும்பி வந்துவிட்டது. சூடும் கூடினமாதிரித் தெரிகிறது. யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: இரண்டு பேரில் ஒருவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், அந்தச் சேறு என்ன சேறு என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை என்றுதான் தெரிகிறது. ஒருவர் நிறத்தைப் பார்த்து ஹெட் என்றார், அதாவது எஞ்சின் புளொக்குக்கும் அதன் மேல் பூட்டிய ஹெட்டுக்கும் இடையில் உள்ள கஸ்கட் தகடு போய்விட்டது என்றார். மற்றவர் நிறத்தைப் பார்த்துத் தண்ணியை மாற்றினால் போதும் என்றார். சேறு எதனால் ஆனது என்று தெரியாமல் ஸ்பானரைத் தொட்டால், கழற்றுகிற ஒவ்வொரு சாமானுக்கும் காசு உங்கள் பையிலிருந்துதான் போகும்.

உங்களிடம் இருப்பது இரண்டு முறைப்பாடு. தண்ணீர் கெட்டிருக்கிறது என்பது ஒன்று. பாரத்தோடு ஏறும்போது சூடாகிறது என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். பழைய வாகனத்தில் இரண்டாவது வகைதான் அடிக்கடி வரும், அதனால் ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் மற்றதும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது.

முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் வான் ஓட்டோ கியரா, மனுவல் கியரா? ஓட்டோ கியர் என்றால், இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக கியர் ஒயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஓட்டோ கியர் வாகனங்களில் பெரும்பாலும் ரேடியேற்றரின் அடித் தாங்கிக்குள்ளேதான் கியர் ஒயிலைக் குளிராக்கும் குழாய் இருக்கும். வெளியில் தண்ணீர், குழாய்க்குள் ஒயில். பழைய ரேடியேற்றரில் அந்தக் குழாய் அரித்துவிட்டால் கியர் ஒயில் தண்ணீருக்குள் வரும், தண்ணீர் கியருக்குள் போகும். போத்தலில் நீங்கள் கண்ட நிறத்தை இது அப்படியே கொடுக்கும். சில வாகனங்களில் கொஞ்சம் ரோஸ் கலந்த மாதிரி இருக்கும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறத்தில் நுரை கண்டால் வானை நிற்பாட்டிவிடுங்கள். கிட்டத்தில் இருக்கும் கராஜுக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். கியருக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் மேல்பூச்சு பசையால் ஒட்டியது, தண்ணீர் பட்டால் உரியும். ரேடியேற்றரோடு முடிய வேண்டிய செலவு கியர் பெட்டி வரைக்கும் போய்விடும். இந்த நிலையில் ஹெட்டுக்கு ஒரு குற்றமும் இல்லை. ஹெட்டைக் கழற்றிப் புதுக் கஸ்கட் போட்டாலும் அடுத்த கிழமை அதே சேறு வரும்.

மனுவல் கியர் என்றால் இந்தப் பயம் இல்லை, தொடர்ந்து வாசியுங்கள்.

இப்போது சேற்றுக்கு வருவோம். காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேற்றர் மூடியைத் துணி போட்டுத் திறவுங்கள். இரவு ஓடிவிட்டு வந்து திறக்கிற வேலை வேண்டாம். உங்கள் வானில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது, கொதிதண்ணீர் பீறினால் விலகி ஓட இடமில்லை. மேலதிகப் போத்தலில் உள்ளதை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதில் முந்தின உரிமையாளர் காலத்து அழுக்கும் படிந்திருக்கலாம். ரேடியேற்றர் வாயில் இருந்து கொஞ்சம், கீழே வடிகுழாயைத் திறந்து கொஞ்சம் என்று எடுத்து, தெளிவான இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, அசையாத இடத்தில் ஒரு இரவு வையுங்கள்.

மறுநாள் பார்க்கும்போது செங்கபிலத் தூள் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் அது துரு. மேலே கிறீம் மாதிரி ஒரு படை மிதந்தாலோ, இரவு முழுக்க வைத்தும் தெளியாமல் அதே நிறத்தில் நின்றாலோ ஒயில் கலந்திருக்கிறது. வழவழவென்று கட்டி கட்டியாக, தொட்டால் ஜெலி மாதிரி இருந்தால், பொருந்தாத இரண்டு வகைக் கூலன்டை (ரேடியேற்றர் தண்ணீரில் கலக்கிற திரவம்) யாரோ கலந்திருக்கிறார்கள். மஞ்சள் பொடியோ மினுங்குகிற சிறு துணுக்கோ அடியில் கிடந்தால், ஒழுக்கை அடைக்க யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் பக்கத்தில் ரேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. கடையில் விற்கிற அடைப்புப் பொடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டுமே ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். விற்கிறதுக்கு முதல் நாள் அதைப் போட்டால் வாங்குகிறவருக்கு ஒழுக்குத் தெரியாது, நாலு மாதம் கழித்து மலையில்தான் தெரியும்.

சந்தேகம் என்றால் இன்னொரு வழி. ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு நன்றாகக் காயவிட்டு வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வடை வைத்த கடதாசியில் தெரிகிற மாதிரி ஒளி புகுகிற வளையம் இருந்தால் ஒயில். கபிலக் கறை மட்டும் இருந்தால் துரு.

துரு என்றால் அதற்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரத்துக் கிணறுகளில் பல உவர்த் தண்ணீர். கோடை முற்ற முற்ற உப்பு இன்னும் கூடும். அந்தத் தண்ணீரை வாளியால் அள்ளி ரேடியேற்றருக்குள் ஊற்றி வருடக்கணக்காக ஓடிய வாகனங்கள் எத்தனையோ. 2சி எஞ்சினின் புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், பழைய ரேடியேற்றர் என்றால் அது பித்தளையும் செம்பும். இத்தனை உலோகமும் ஒரே உப்புத் தண்ணீரில் தோய்ந்துகொண்டிருந்தால் ஒன்று மற்றதை அரிக்கத்தான் செய்யும். புளொக்கிலிருந்து உதிர்ந்த துரு ரேடியேற்றர் குழாய்களில் போய் உட்காரும். ஊருக்குள் மெதுவாக ஓடும்போது மீதிக் குழாய்கள் சமாளித்துவிடும், பாரத்தோடு ஏறும்போது போதாமல் போகும். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு இதுவும் பொருந்துகிறது பாருங்கள். அதனால்தான் ஹெட் என்று உடனே கை வைக்க வேண்டாம் என்கிறேன்.

ஆனால் ஒயில் என்று முடிவானால், 'டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறதே' என்று ஆறுதல் படாதீர்கள். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி திறந்தால் ஒயில்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். எஞ்சினை நிற்பாட்டின பிறகு ஒயில் அழுத்தம் போய்விடும், தண்ணீரில் கொஞ்ச நேரம் அழுத்தம் நிற்கும், அப்போதுதான் தண்ணீர் மறுபக்கம் போகும். வழி சின்னதென்றால் மாதக்கணக்காக டிப்ஸ்டிக் சுத்தமாகவே இருக்கும், போத்தலில் மட்டும் சேறு கூடிக்கொண்டே போகும். அந்த வழி ஹெட் கஸ்கட்டாக இருக்கலாம், ஹெட்டில் வெடிப்பாக இருக்கலாம். உங்கள் எஞ்சினில் ஒயில் கூலர் பூட்டியிருந்தால் அதன் உள்ளே ஓட்டையாகவும் இருக்கலாம். ஒயில் கூலர் இருந்தால் முதலில் அதைக் கழற்றித் தண்ணீருக்குள் வைத்துக் காற்றடித்துப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றுகிற வேலையோடு பார்த்தால் அது சின்ன வேலை.

இனி ஹெட் கஸ்கட் பற்றிய சந்தேகத்தைத் தீர்ப்போம். இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுதான். முதல் நாள் பாரத்தோடு ஓடிவிட்டு வந்து வானை நிற்பாட்டுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யாமல், மூடியைத் திறக்காமல், ரேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் அது மெதுவாக, அமுங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் ஹோஸ் கல்லாக விறைத்திருந்தால் உள்ளே நிற்பது சூட்டின் அழுத்தம் அல்ல, சிலிண்டரில் இருந்து வந்த காஸ். சூட்டால் வந்த அழுத்தம் குளிர்ந்தவுடன் போய்விடும், காஸ் போகாது. மாறாக ஹோஸ் உள்ளே சப்பி ஒட்டிப்போயிருந்தால் கோளாறு மூடியில். குளிரும்போது தண்ணீரைப் போத்தலில் இருந்து திரும்ப இழுக்கிற சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சோதனை, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்து பார்ப்பது. முதலில் சில குமிழ்கள் வந்தால் அது உள்ளே சிக்கியிருந்த காற்று, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காமல் சின்னச் சின்னக் குமிழ்கள் தொடர்ந்து வந்து, அக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் அது காஸ். நல்ல கராஜில் இதற்கென்று ஒரு நீல நிறத் திரவம் வைத்திருப்பார்கள். ரேடியேற்றர் வாயில் இருந்து வரும் காற்றை அதற்குள் இழுத்தால், எரிந்த புகை இருக்கும் பட்சத்தில் நிறம் பச்சைக்கோ மஞ்சளுக்கோ மாறும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்களுக்குச் சில நேரம்தான் சூடாகிறது. கஸ்கட்டில் ஆரம்பக் கசிவு இருந்தால் அது பாரம் ஏறும்போதுதான் திறக்கும், சும்மா நிற்கிற எஞ்சினில் மூடிக்கொள்ளும். அதனால் கராஜ் வாசலில் குளிர்ந்த எஞ்சினில் சோதித்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆட்களையோ சீமெந்து மூட்டைகளையோ ஏற்றி, ஏசி போட்டு, கந்தளாய் வரை போய் வாருங்கள். போக சுமார் 40 கிலோமீற்றர். ஊசியில் கண் வைத்துக்கொண்டே ஓட்டுங்கள், மேலே ஏறத் தொடங்கினால் அதோடு நிற்பாட்டுங்கள். வந்த கையோடு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போத்தலில் குமிழ் வருகிறதா, அதில் டீசல் புகை மணக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரம் ரேடியேற்றர் மூடியைத் தொடக்கூடாது, போத்தல் மூடி மட்டும்தான்.

கந்தளாய்ப் பாதையைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. எதிர்காற்றில் எஞ்சின் கஷ்டப்படும், ஆனால் ரேடியேற்றருக்குக் காற்று நன்றாகக் கிடைக்கும். பின்காற்றில் எஞ்சினுக்கு வேலை குறைவு, ரேடியேற்றருக்குள் தானாகப் புகும் காற்றும் குறைவு, ஃபேன்தான் இழுக்க வேண்டும். போகும்போது ஊசி ஏறினால் தண்ணீர் ஓட்டத்தையும் ரேடியேற்றர் குழாய்களையும் சந்தேகப்படுங்கள். திரும்பி வரும்போது, மட்டமான பாதையில், நடுத்தர வேகத்தில் ஏறினால் ஃபேனைப் பாருங்கள். பெல்ட்டில் சுழலும் ஃபேனின் நடுவில் விஸ்கஸ் கப்ளிங் (உள்ளே இருக்கும் திரவத்தால் ஃபேனைப் பிடித்துச் சுழற்றும் இணைப்பு) இருந்தால், சூடான எஞ்சினை நிற்பாட்டிவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். நன்றாகச் சூடேறிய நிலையில் அது இறுக்கமாக இருக்க வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று இலேசாகச் சுழன்றால் கப்ளிங்கின் உள்ளே இருக்கும் திரவம் போய்விட்டது. பெல்ட் தளர்வையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் ஏசிக் கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை மணலும் பூச்சியும் பஞ்சும் சேர்ந்து அங்கே ஒரு பாய் மாதிரிப் படிந்திருக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. உப்புக்காற்று பட்ட ரேடியேற்றர் செதில்களை விரலால் மெதுவாகத் தடவுங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், குழாய் நல்லதாக இருந்தாலும் அந்த ரேடியேற்றர் சூட்டை வெளியே விடாது. அதற்குக் கழுவுவதால் பலனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கீழ் ஹோஸையும் மறக்க வேண்டாம். வாட்டர் பம்ப் தண்ணீரை இழுப்பது அதன் வழியாகத்தான். ஒயில் பட்டு ஊறிப்போன, அல்லது பழசாகித் தளர்ந்த ஹோஸ், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே சப்பி வழியை அடைத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததும் திரும்ப விரிந்துவிடும். நிற்பாட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். எஞ்சின் சூடானபின் ஒருவர் அக்சிலரேட்டர் மிதிக்க, மற்றவர் ஹோஸைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஃபேன் சுழலும், கை வைக்க வேண்டாம்.

அப்புறம் அந்தத் தெர்மோஸ்டாட். 'எங்கட நாட்டுச் சூட்டுக்கு இது தேவையில்லை' என்று கழற்றி எறிகிற பழக்கம் நம்மவர்களிடம் அதிகம், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. டொயோட்டாவின் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். எஞ்சின் சூடானதும் மேல் வால்வு திறந்து ரேடியேற்றருக்கு வழி விடும், அதே நேரம் அடித்தட்டு இறங்கி, தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிற குறுக்கு வழியை மூடும். முழுச் சாமானையும் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு குளிராகாமலே திரும்பத் திரும்ப எஞ்சினைச் சுற்றும். கழற்றிய பிறகு சூடு கூடியது என்று நீங்கள் எழுதியது பிரமை இல்லை. மட்டமான பாதையில் மறுவளமாக எஞ்சின் உரிய சூட்டுக்கே வராமல் ஓடி, டீசலும் கூடக் குடிக்கும். புதியதொன்று வாங்கிப் போடுங்கள். 82 அல்லது 88 என்று திறக்கும் பாகை அதில் அடித்திருக்கும், உங்கள் எஞ்சினுக்கு உரியதை எஞ்சின் இலக்கம் சொல்லிக் கேளுங்கள். பூட்டுவதற்கு முன் ஒரு சட்டியில் தண்ணீரும் வெப்பமானியும் வைத்து அடுப்பில் சூடாக்கி, அது சொல்லும் பாகையில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுச் சாமானிலும் ஒட்டிக்கொண்டது வரத்தான் செய்கிறது.

அதோடு மூடியையும் புதிதாகப் போடுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் நிற்கும். 0.9 என்று அழுத்த எண் அடித்த நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரேகூட 118 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போயிருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும், மலையில் ஊசி ஏறவும் தண்ணீர் போத்தல் வழியாகக் கொட்டவும் அதுவே போதும். பழைய மூடியில் உள்ள எண்ணையே வாங்குங்கள். கூடின எண் நல்லது என்று 1.1 போட்டால் பழைய ரேடியேற்றரின் ஒட்டுவேலை விட்டுக்கொடுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு காஸ் சோதனை கஸ்கட்டைத்தான் காட்டுகிறது என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள், அதில் தயங்கிப் பயனில்லை. ஆனால் கஸ்கட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். சூடு கண்ட இந்த வரிசை எஞ்சின்களில் அலுமினிய ஹெட் வால்வுகளுக்கு இடையில் வெடிப்பது பெயர்போன சங்கதி. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கும். ஹெட்டை லேத் வேலைத்தளத்துக்கு அனுப்பி, தண்ணீர் வழிகளை அடைத்து, சூடான நிலையில் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தட்டையாக இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்து அளக்க வேண்டும். சீவ வேண்டி வந்தால் எவ்வளவு சீவலாம் என்பதற்கு எல்லை உண்டு, டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இதற்கான கஸ்கட் ஒன்றுக்கு மேற்பட்ட தடிப்பில் வருகிறது. பிஸ்டன் புளொக் மட்டத்துக்கு மேலே எவ்வளவு வருகிறது என்று அளந்து அதற்கு ஏற்றதை எடுக்க வேண்டும், கடையில் கையில் கிடைத்ததை அல்ல. டைமிங் பெல்ட் எப்படியும் கழறும், பழையதைத் திருப்பிப் பூட்ட வேண்டாம். வேலை செய்பவரிடம் டோர்க் ஸ்பானர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். 'கைக்கணக்குத் தெரியும்' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

காஸ் இல்லை, ஒயிலும் இல்லை, துருவும் அடைப்பும்தான் என்றால் உங்கள் செலவு சின்னது. ரேடியேற்றரைக் கழற்றி, அதற்கென்றே வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். பித்தளை ரேடியேற்றர் என்றால் தாங்கியைப் பிரித்துக் குழாய் ஒவ்வொன்றையும் குத்திச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் என்றால் அது முடியாது, மாற்றுவதே மேல். ரேடியேற்றர் வெளியில் இருக்கும்போதே எஞ்சினுக்குள்ளும் ஹீட்டர் குழாய்களுக்குள்ளும் தண்ணீர் விட்டுத் தெளியும் வரை கழுவுங்கள். ஒயில் கலந்திருந்தால், காரணத்தைத் திருத்திய பிறகுதான் கழுவ வேண்டும். அதற்கு வெறும் தண்ணீர் போதாது, நுரைக்காத சவர்க்காரக் கரைசலால் சூடான எஞ்சினில் சில தடவை கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சாதாரணத் திரவம் நுரைத்துத் தள்ளும், அதைப் போடாதீர்கள். ஒயிலில் ஊறின ரப்பர் ஹோஸ்கள் மெத்தென்று ஊதிப்போயிருக்கும், அவற்றை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

நிரப்பும்போது கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது பற்றரிக்கு விடுகிற தண்ணீர் எடுங்கள், கூலன்டோடு சரிபாதியாகக் கலக்கலாம். கலந்தே வருகிற கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. 'இங்கே பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு' என்று கேட்பார்கள். நமக்கு அது உறையாமல் இருப்பதற்கு இல்லை, துருப்பிடிக்காமல் இருப்பதற்கு. சிவப்பு, பச்சை என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் வருகின்றன, போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து ஒரே வகையையே தொடர்ந்து விடுங்கள்.

இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வான்களில் தண்ணீர் விட்டவுடன் வேலை முடிவதில்லை, நீண்ட குழாய்களில் காற்று சிக்கும். பின் ஹீட்டர் ஒழுகுகிறது என்று சிலர் அதன் இரண்டு ஹோஸையும் வளைத்து ஒன்றோடொன்று பூட்டிவிட்டிருப்பார்கள், அந்த வளைவிலும் காற்று நிற்கும். வானின் முன்பக்கத்தைக் கொஞ்சம் மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் முழுக்கத் திறந்து, குளிர்ந்த எஞ்சினில் ரேடியேற்றர் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை மெதுவாக ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்பி, குமிழ் நின்ற பிறகு மூடுங்கள். அடுத்த இரண்டு மூன்று காலைகளில் குளிர்ந்த நிலையில் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

வடித்தெடுக்கிற பழைய கூலன்டை வாளியில் திறந்து வைக்காதீர்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் குடித்தால் செத்துப்போகும், பிள்ளைகளுக்கும் நஞ்சு. கானிலோ கிணற்றடியிலோ கடற்கரையிலோ ஊற்றவும் வேண்டாம். பழைய கேனில் அடைத்து, பழைய ஒயிலை எடுக்கிற கராஜில் இது கூலன்ட் என்று சொல்லி, ஒயிலோடு கலக்காமல் கொடுங்கள்.

இந்தச் சோதனைகள் முடியும் வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளை இந்த வானில் ஏற்ற வேண்டாம், மாத்தளை ஹயரும் எடுக்க வேண்டாம். வழியில் ஊசி ஏறினால் உடனே ஏசியை நிற்பாட்டி, ஹீட்டரைச் சூட்டில் முழுக்கத் திறந்து, ஓரமாக நிறுத்தி எஞ்சினை வெறுமனே ஓடவிடுங்கள். ஆவி பறந்தாலோ ஊசி உச்சியில் நின்றாலோ மட்டும் உடனே நிற்பாட்டுங்கள். மேலே போன ஊசி திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட்டு ஓட்டிவிடாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய், வெப்பத்தை அளக்கிற சாமான் வெறும் ஆவியில் நின்றாலும் ஊசி அப்படித்தான் விழும்.

கியர் எது என்பதையும், போத்தலில் ஒரு இரவு வைத்த தண்ணீர் எப்படிப் பிரிந்து நின்றது என்பதையும், காலையில் ஹோஸ் விறைத்திருந்ததா சப்பியிருந்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்த மூன்றும் தெரிந்தால் ஹெட்டைக் கழற்றுவதா இல்லையா என்று நேராகவே பதில் சொல்லிவிடலாம்.